ஜூன் 15-க்குப் பிறகு

அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு முடித்த வாலிபால் பெண்கள் வீட்டில் ஜூன் 14 இரவு யாரும் சீக்கிரம் தூங்குவதில்லை. மறுநாளிலிருந்துதான் முதல் பிரிவுக் கல்லூரிகளின் கோச்சுகள் அவர்களிடம் நேரடியாகப் பேசலாம் என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போதே பிள்ளைகள் ஒரு கல்லூரிக்கு ஆடுவதாக வாக்குக் கொடுத்துவிடுவது பெருகிப்போனதால், 2019-ல் வந்த கட்டுப்பாடு இது. நல்ல விதி. பெற்றோர்தான் அந்தத் தேதியைக் கெடு என்று எடுத்துக்கொண்டு பதறுகிறார்கள்.

“எப்போ கமிட் பண்ணலாம், கோச்?” என்று, வாக்குக் கொடுக்கும் நேரத்தை அவர்கள் என்னிடம் கேட்டால், பெண் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 5-1 முறையில் ஆடும் அணிக்குக் களத்தில், அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் ஒரே ஒருத்திதான். கல்லூரி மொத்தமே இரண்டு மூன்று பேரை வைத்திருக்கும். ஒருத்தியை எடுத்துவிட்டால், அந்த வருஷத்துக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. அதனால் செட்டர் அதிக நாள் தள்ளிப்போட முடியாது. நடுவில் நின்று பிளாக் போடும் பெண்ணுக்கு அந்த அவசரம் வேண்டாம். பதினேழு வயதிலும் குதிப்பு கூடும், கை வேகம் பிடிக்கும். பதினாறில் அவளைக் கண்டுகொள்ளாத கோச் அடுத்த வருஷம் தானே தேடி வருவதுண்டு. பின்வரிசையில் பந்தைத் தடுத்தெடுக்கும் லிபரோவுக்கு அழைப்பு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதுவரை மனம் தளராமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அடுத்து, கல்லூரியின் அணிப் பட்டியலைப் பிரித்துவைத்து, தான் சேரும் ஆண்டில் யார் யார் மிச்சம் இருப்பார்கள் என்று பெண்ணையே எண்ணச் சொல்வேன். முன்பு இந்தக் கணக்கு ஓரளவு பலித்தது. கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-ல் வந்து, பிறகு கல்லூரி மாறுவதும் எளிதானதிலிருந்து, இரண்டு வருஷம் ஆடிப் பழகிய இருபது வயதுப் பெண் அந்த இடத்துக்குப் போட்டிக்கு வருகிறாள். போதாததற்கு, கல்லூரிகள் விளையாட்டு மாணவர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்தை 2025-ல் ஏற்ற கல்லூரிகளில் பெண்கள் வாலிபால் அணிக்கு 18 பேர்தான் உச்சவரம்பு. வாய்வாக்கு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது, கோச்சையும்தான். கையெழுத்தாவது பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில். அந்த ஒன்றரை வருஷத்துக்குள் கோச்சே வேறு கல்லூரிக்குப் போய்விடலாம்.

ஆகவே செட்டராகவே இருந்தாலும் நேரில் போய்ப் பார்க்காமல் வாக்குக் கொடுக்க விடமாட்டேன். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் கல்லூரிச் செலவிலேயே போய்வரலாம். மேட்ச் பார்ப்பதைவிடப் பயிற்சியைப் பார்க்கச் சொல்வேன், அதிலும் களத்துக்கு வெளியே நிற்பவர்களை. அப்படிப் போய்வந்த ஒரு செட்டர் சொன்னாள்: “மூணாவது செட்டர் பந்து எடுத்துக் குடுத்துட்டே நிக்கறா, கோச். ஆனா ஒவ்வொரு செட் முடிஞ்சதும் அசிஸ்டென்ட் கோச் அவகிட்ட வந்து, இப்ப நீயா இருந்தா பந்தை யாருக்குப் போட்டிருப்பேனு கேக்கறாங்க.”

“முதல் வருஷம் நீ அந்த இடத்துல நிக்கணும்னா?”

கொஞ்சம் யோசித்தாள். “நிப்பேன். அந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சிருந்துது.”

அன்று மாலையே அவள் அம்மாவிடம் சொன்னேன், இனி வாக்குக் கொடுக்கலாம் என்று. கோச்சுக்கு அவளே போன் செய்யட்டும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றும்.