ரெண்டாவது தடவை கப்பல் ஏறினவன்

ரொம்ப நாளாச்சு மக்களே, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. எழுத விஷயம் இல்லாம இல்ல. எழுத ஆரம்பிச்சா அப்பாவைப் பத்தி எழுத வேண்டியிருக்கும், அதான் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கங்க.

சென்னைத் துறைமுகத்துல இருந்து 2022 ஜூன் 4-ஆம் தேதி ஒரு சொகுசுக் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைச்சு அனுப்பி வச்சாரே, ஞாபகம் இருக்கா? கார்டீலியா நிறுவனத்தோட 'எம்ப்ரஸ்'. அந்த சீசன்லயே நானும் தங்கமணியும் ரெண்டு ராத்திரி டூர் ஒண்ணு போயிட்டு வந்தோம். எங்கேயும் இறங்க மாட்டாங்க. கடலுக்குள்ள போயி ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பக் கொண்டாந்து விட்டுருவாங்க. "இதுக்கு எதுக்குய்யா காசு"ன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. நான் பதில் சொல்லல.

பெருங்களத்தூர்ல மின்சார ரயில் ஏறினா பீச் ஸ்டேஷன்ல இறங்கலாம், எதிர்ல துறைமுகம். சொகுசுக் கப்பலுக்கு எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல பெட்டியைத் தூக்கிட்டுப் போன ஒரே குடும்பம் நாங்களாத்தான் இருப்போம். தங்கமணி தாம்பரம் தாண்டுற வரைக்கும் என்கிட்ட பேசல.

முதல் தடவை போனப்ப ரெண்டு பேரும் திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளைங்க மாதிரி இருந்தோம். எந்த லிஃப்ட் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாது. நம்ம ரூம் கப்பலோட முன்பக்கமா பின்பக்கமான்னு தெரியாது. சாப்பாட்டுக்கு எல்லாரும் கிளம்புற நேரத்துக்கே நாங்களும் கிளம்பி வரிசையில நின்னோம். ஆபத்து வந்தா எங்க கூடணும்னு பயிற்சி கொடுத்தாங்க, தங்கமணி அதைக் கேட்டதுல இருந்து ராத்திரி பூரா தூங்கல. எதையும் விட்டுறக் கூடாதுன்னு ஓடி ஓடி, ஒழுங்கா எதையும் பார்க்காம திரும்பி வந்தோம்.

2023-ல மறுபடியும் போனோம். அதே கப்பல், அதே ரெண்டு ராத்திரி. ஆனா இது வேற பயணம். ரூமை நாங்களே கேட்டு வாங்கினோம், கப்பலோட நடுவுல, கீழ் மாடியில. அங்கதான் ஆட்டம் குறைச்சல். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் தாமதமாப் போனோம், வரிசையே இல்ல. ஷோவுக்குப் போகாம மேல்தளத்துல காத்து வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்துல ஒரு குடும்பம் வரைபடத்தை வச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருந்தாங்க. தங்கமணி எழுந்து போய், "அந்த லிஃப்ட்ல போகாதீங்க, இதுல போங்க"ன்னு வழி சொல்லிட்டு வந்தா. முகத்துல ஒரு பெருமை பார்க்கணுமே!

ஒண்ணு மட்டும் கவனிச்சேன். கப்பலை எங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. கப்பல்ல யாருக்கும் எங்களை ஞாபகம் இல்ல. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. கப்பல் சிப்பந்திகளுக்குப் பொதுவா சில மாசங்களுக்குத்தான் ஒப்பந்தம். முடிஞ்சதும் ஊருக்குப் போவாங்க, அப்புறம் வேற கப்பல். போன வருஷம் நமக்குத் தோசை வச்ச பையன் இந்த வருஷம் எந்தக் கடல்ல இருக்கானோ.

மனுஷங்க ஞாபகம் வச்சுக்க முடியாததை கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சுக்கறதுக்குத்தான் பெரிய கப்பல் கம்பெனிங்க புள்ளிக் கணக்கு வச்சிருக்காங்க. இந்த எம்ப்ரஸே முன்னால ராயல் கரீபியன் கம்பெனிகிட்ட இருந்ததுதான். பிரான்ஸ்ல கட்டி 1990-ல 'நார்டிக் எம்ப்ரஸ்'ங்கற பேர்ல ஓட ஆரம்பிச்சது. அந்தக் கம்பெனியில ஒரு ராத்திரிக்கு ஒரு புள்ளி. பெரிய அறை எடுத்தா இன்னும் கூட. 3 புள்ளிக்கு கோல்டு, 30-க்கு பிளாட்டினம், 55-க்கு எமரால்டு, 80-க்கு டைமண்டு, 175-க்கு டைமண்டு பிளஸ், 700 வந்துட்டா பினக்கிள். ஏற ஏற மரியாதை கூடும். இலவச பானம், தனி ஓய்வறை, ஏறும்போது இறங்கும்போது முன்னுரிமை, இப்படி. கப்பல் கிளம்பிட்டா காலி அறைங்கறது நேத்து சுட்ட இட்லி மாதிரி, அப்புறம் விக்க முடியாது. ஒரு தடவை வந்தவரைத் திரும்ப வரவழைக்கிறது, புது ஆளைப் பிடிக்கிறதை விட சுலபம். அதனால கப்பல்ல இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு முன்பணம் வாங்க ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாங்க.

இதுல உச்சத்துக்குப் போனவர் மரியோ சால்செடோ. கியூபாவுல பிறந்த அமெரிக்கர். கம்பெனி உத்தியோகத்தை விட்டுட்டு இருபது வருஷத்துக்கும் மேலா கப்பல்லயே வாழறார். மேல்தளத்துல அவர் ஆபீஸ்னு ஒரு மூலை, அதுக்கு ஒரு போர்டு. எல்லா சிப்பந்திக்கும் அவரைத் தெரியும். 2018-ல வந்த ஆவணப்படம் ஒண்ணு அவரை உலகத்துலயே சந்தோஷமான மனுஷன்னு சொல்லுது. தரையில இறங்கினா நேரா நடக்கவே வரலையாம் அவருக்கு.

அதைப் பார்த்தப்ப எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. இனிமே கொசுவர்த்தி.

எங்க ஊர் நாகப்பட்டினம் பக்கம். அப்பா பினாங்குல ஒரு கடையில கணக்கு எழுதினார். 1966-ல முதல் தடவை போனது 'ரஜுலா'வுல. அது 1926-லயே கட்டின கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடுச்சு. புதுசுல ஐயாயிரம் பேருக்கு மேல டெக்குல ஏத்த அனுமதி வாங்கின கப்பல். அப்பாவும் டெக் பயணிதான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய். நாகப்பட்டினத்துல பெரிய கப்பல் கரைக்கு வராது, தள்ளி நங்கூரம் போட்டுரும். படகுல போய் ஆடுற ஏணியில ஏறணும். ஏறினதும் தெரியாத்தனமா கக்கூஸ் பக்கம் பாயை விரிச்சுட்டாராம். பினாங்கு வர்ற வரைக்கும் வாந்தி.

அடுத்த பயணத்துக்குள்ள தேறிட்டார். எஞ்சின் சூடு வராத இடம், மழைச் சாரல் படாத இடம், காத்து வர்ற இடம் எல்லாம் அத்துப்படி. புதுசா ஏறினவங்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்து, ஊறுகாயும் கொடுப்பாராம். 1973-க்கு அப்புறம் ரஜுலா போய் 'சிதம்பரம்' வந்துச்சு. அதுவும் பிரான்ஸ்ல கட்டினதுதான், 'பாஸ்தர்'ங்கற பேர்ல ஓடிட்டு இருந்ததை நம்ம ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கினது. அதுல பாய் விரிக்க வேண்டாம், படுக்கை உண்டு. சிதம்பரத்துல சமையல்கட்டுல ஒருத்தர். அப்பா ஏறினா, "என்னண்ணே, மறுபடியுமா?"ன்னு சிரிச்சு ஒரு டம்ளர் டீ கொடுப்பாராம். மூணு வருஷம் கழிச்சுப் போனாலும் அடையாளம் தெரிஞ்சுக்குவாராம். அப்பாவுக்குக் கிடைச்ச டைமண்டு பிளஸ் அவ்வளவுதான், ஒரு டம்ளர் டீ. அதை அப்பா எங்ககிட்ட நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

இப்ப நான் இத்தனை நாள் எழுதாம வச்சிருந்த விஷயம்.

நான் பிறந்தது 1971. அப்பாவை முதல்ல பார்த்தது 1974. அவர் டிரங்குப் பெட்டியோட வாசல்ல வந்து நின்னப்ப நான் அம்மா முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க"ன்னு கத்தினேனாம். ஊரே சிரிச்சுதாம். அப்பாவும் சிரிச்சாராம். மறுபடி 1978-ல வந்தார். எனக்கு ஏழு வயசு, அப்பான்னு தெரியும். ஆனா பக்கத்துல போகல. அவர் வாங்கிட்டு வந்த பென்சில் டப்பாவை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடினது எனக்கே ஞாபகம் இருக்கு. 1981-லயும் அதே கதை. பழக ஆரம்பிக்கும்போது லீவு முடிஞ்சிரும். அடுத்த தடவை மறுபடியும் முதல்ல இருந்து.

கப்பல்ல அவர் பழைய ஆள். வீட்டுல ஒவ்வொரு தடவையும் புது ஆள். அந்தச் சமையல்காரர் கொடுத்ததை நான் கொடுக்கல.

1984-ல ஒரேயடியா வந்துட்டார். 1985 பிப்ரவரி 12-ஆம் தேதி, சிங்கப்பூர்ல இருந்து மெட்ராஸ் வந்துட்டு இருந்த சிதம்பரம் கப்பல்ல தீப்பிடிச்சு பலர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் அந்தக் கப்பல் ஓடவே இல்ல. பேப்பர்ல செய்தி வந்தப்ப அப்பா திண்ணையில உட்கார்ந்து படிச்சார். திரும்பத் திரும்பப் படிச்சார். பேப்பரை நாலா மடிச்சு வச்சுட்டு, "அந்த டீக்காரர் இருந்தாரோ என்னவோ"ன்னார். அவர் பேரு அப்பாவுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துல கேட்டுக்கவே இல்லையாம். கண்ணுல தண்ணி கொட்டுச்சு. எனக்குப் பதினாலு வயசு. அன்னிக்குத்தான் நானாப் போய் அவர் பக்கத்துல உட்கார்ந்தேன். ஒண்ணும் பேசல.

அப்புறம் நான் வேலை கிடைச்சு பெருங்களத்தூர்ல வீடு கட்டினேன். அப்பா கடைசி வருஷங்கள் எங்களோட இங்கதான் இருந்தார். மறுபடி கப்பல் ஏறவே இல்ல. ஆபீஸ்ல கேட்ட கேள்விக்கு நான் சொல்லாத பதில் இதுதான். அப்பா போய் வந்த தண்ணியை ஒரு தடவை பார்த்துரணும்னு இருந்துச்சு.

ரெண்டாவது டூர்ல கடைசி நாள் காலையில சாப்பாட்டுக்கூடத்துல போய் உட்கார்ந்தேன். மணிப்பூர் பையன் ஒருத்தன், முந்தின நாள் எனக்கு டீ கொடுத்தவன், நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஒரு கப்பைக் கொண்டுவந்து வச்சு, "சர்க்கரை இல்லாம, சரியா சார்?"னு இந்தியில கேட்டான். ஒரே ஒரு நாள் பழக்கம். அவன் பேரை முதல்ல கேட்டு வச்சுக்கிட்டேன்.

என் பொண்ணு பெங்களூர்ல வேலை பார்க்கறா. மாசம் ஒரு தடவை வருவா. முன்னெல்லாம் பெருங்களத்தூர்லயே இறங்கிடுவா. இப்ப பஸ் அவளைக் கிளாம்பாக்கத்துல விட்டுருது, அங்கேருந்து டவுன் பஸ் பிடிச்சு விடியற்காலையில வர்றா. கேட் சத்தம் கேட்டதும் டீ டம்ளரோட வாசல்ல போய் நிக்கறேன். "எதுக்குப்பா இந்த அலப்பறை, நான் என்ன விருந்தாளியா?"ன்னு திட்டறா.

இல்லம்மா. அதுக்குத்தான் நிக்கறேன்.

டிஸ்கி: முதல் தடவை கப்பல்ல போறவங்க ஒரு சின்ன டப்பாவுல நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துட்டுப் போங்க. மாத்திரையெல்லாம் அப்புறம்.