புலி வண்டின் முன் மண்டியிட்டு

ஆற்று மணலில் விரையும் புலி வண்டைப் படம் எடுக்க விரும்பினால் நாம் மண்டியிட்டே ஆகவேண்டும். விந்தை என்னவெனில், முழு வேகத்தில் ஓடும்போது அதற்கே இரை தெரிவதில்லை. காட்சி துலங்கப் போதிய ஒளி அதன் கண்களில் சேர்வதில்லை என்கிறது கோல் கில்பர்ட் 1997-இல் வெளியிட்ட ஆய்வு. ஆகவே ஓடுகிறது, நிற்கிறது, இரையைத் தேடி நோக்கி மீண்டும் ஓடுகிறது. அந்த நிற்கும் கணமே நமக்குக் கிடைத்த கொடை. மிக நெருங்கிய படத்தில் தெளிவு விழும் ஆழமோ ஓரிரு மில்லிமீட்டர்தான். கண் துலங்கினால் பின்னங்கால் மங்கிவிடும்.

வண்டைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் சற்று நேரம் வைத்தால் அசையாது, படமும் பிசகாது என்பார் உளர். அத்தகைய படங்களைக் கண்டிருக்கிறோம். நிறமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கால்கள் ஒடுங்கி, உடல் தரையோடு படிந்து, ஏறத்தாழ ஒரு பிணம். நம் மனம் அதற்கு ஒப்பவில்லை. தொடக்க நூலில் ஆதாம் பெயரிட வேண்டி அவன்முன் கொண்டுவரப்பட்டவை உயிருள்ளவை அல்லவா?

எனவே, நம் நிழல் வண்டின்மேல் விழாதவாறு, சுடுமணலில் முழங்கை ஊன்றித் தவழ்கிறோம். நெருங்கியதும் பறந்து நாலடி தள்ளி அமர்கிறது. மறுபடியும் தவழ்கிறோம். எடுத்த படங்களுள் பெரும்பாலானவற்றில் வெறும் மணலே இருக்கிறது.