ஆறாம் அடுக்கில் ஒரு வினா

கள ஆய்வுக்காக ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை எழுதத் தொடங்கும் ஆய்வு மாணவர், முதல் நாளில் ஒரேயொரு வினாவைத் திரையில் வைக்கிறார். மறுநாள் வினாவும் விடைக்கான இடமும் அருகருகே நிற்பதற்காக இரண்டையும் ஒரு பெட்டிக்குள் இடுகிறார். பிழைச் செய்திக்கு இடம் வேண்டி அதைச் சுற்றி இன்னொரு பெட்டி; ஓரத்து இடைவெளிக்கு மற்றொன்று. அன்றன்று பார்க்கையில் எந்தப் பெட்டியும் வீணாகத் தோன்றுவதில்லை. பருவம் முடிவதற்குள் வினா ஆறாம் அடுக்கில் அமர்ந்துவிடுகிறது.

திரை வரையப்படுமுன் ஒவ்வொரு பெட்டியும் தன்னுள் இருப்பவற்றிடம் ‘உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?’ என்று கேட்டாக வேண்டும். லீனியர்லேஅவுட் எனும் பெட்டி, எஞ்சிய இடத்தை விகிதப்படி பகிர்ந்தளிக்கும்போது அக்கேள்வியை இருமுறை கேட்க நேரலாம். அத்தகைய பெட்டிகள் ஒன்றினுள் ஒன்றாக அமைந்தால் கேள்விகள் அடுக்குதோறும் இரட்டிக்கக்கூடும்: மூன்று அடுக்கில் 8, ஆறு அடுக்கில் 64. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையிலோ ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லிநொடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் விரலின் கீழ் திரை திக்குகிறது.

ஆய்வகத்தின் புதிய கைபேசி இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. களப்பணியாளரின் பழைய கைபேசிதான் காட்டுகிறது. வாசலில் நிற்கும் பெண்ணிடம் அடுத்த வினாவைக் கேட்க அவர் காத்திருக்கிறார். பொத்தான் உடனே அசையாததால் மீண்டும் தொடுகிறார். ஒரு வினா தாண்டிப்போகிறது. அட்டவணையில் அது ‘விடை இல்லை’ என்று பதிவாகிறது. சில மாதங்கள் கழித்து, அந்த வெற்றிடத்திற்குப் பதிலளித்தவரின் தயக்கமே காரணம் என்று ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதப்படலாம்.

தீர்வுகள் வராமல் இல்லை. 2016இல் கூகுள் அறிமுகப்படுத்திய கன்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட், உறுப்புகளை ஒரே தளத்தில் வைத்து அவற்றுக்கிடையேயான உறவுகளைக் குறிக்க வழிசெய்தது. 2021இல் முதல் நிலைப்பதிப்பு கண்ட ஜெட்பேக் கம்போஸ் மேலும் கண்டிப்பானது: ஒரே சுற்றில் ஓர் உறுப்பை இருமுறை அளக்க முயன்றால் பிழை காட்டி நின்றுவிடுகிறது.

ஆயினும், எந்தப் பெட்டி இனித் தேவையில்லை என்பதை எந்தக் கருவியும் எழுதுபவருக்காக முடிவு செய்வதில்லை. வினாப்பட்டியலைச் சிலரிடம் முன்சோதனை செய்து பார்ப்பதை ஆய்வு முறையியல் வற்புறுத்துகிறது. குழுவிலுள்ள மிகப் பழைய கைபேசியில் அந்தச் செயலியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் அதே முன்சோதனையின் பகுதிதான்.