ஒரு மெஷினும் நாற்பது மீட்டர் வீரனும்



"மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுடா. காதல் கவிதை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே பதினேழு வந்திருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார் பேரவைச் செயலாளர். கவிதை எனக்கு வராது. கதையும் வராது. எனக்குத் தெரிந்தது ரெண்டே விஷயம். ஒன்று, கோவை கணபதியில் இருக்கும் எங்கள் அப்பாவின் லேத் பட்டறை. இன்னொன்று, போன வருஷம் ஹாஸ்டலில் செல்போனில் பார்க்க ஆரம்பித்த ஒரு பழைய ஜப்பான் தொடர். ரெண்டுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடைசி வரை பொறுமையாகப் படியுங்கள்.

அந்தத் தொடரின் பெயர் அல்ட்ராமேன். 1966-ல் வந்தது. நாற்பது மீட்டர் உயரமுள்ள வெள்ளியும் சிவப்புமான ஒரு வீரன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து, ஊரை மிதிக்கும் ராட்சத மிருகங்களோடு மல்லுக்கட்டுவான். பூமியில் அவனுக்கு மூன்றே நிமிடம்தான் தெம்பு. நேரம் முடியப் போனால் நெஞ்சில் இருக்கும் விளக்கு சிவப்பாக மின்னும். அறையில் இருந்த ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "டேய், முதுகுல ஜிப்பு தெரியுதுடா!" என்று ஒருவன் கத்தினான். நானும்தான் சிரித்தேன்.

ஆனால் ஒரு கட்டடம் சரிந்து விழும் காட்சியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மேஜை உயரப் பொம்மைக் கட்டடம்தான் அது. ஆனாலும் பொம்மை மாதிரி 'பொத்'தென்று விழவில்லை. நிஜக் கட்டடம் போல, கனமாக, நிதானமாகச் சரிந்தது. எப்படி?

அன்று ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாமாண்டு இயற்பியலில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 25 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு செங்கல் விழ சுமார் 2.26 விநாடி ஆகும். அதையே 1 மீட்டர் மாடலாகச் செய்தால் 0.45 விநாடியில் கீழே கிடக்கும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு நேரம். சினிமாவில் விநாடிக்கு 24 படம். அதை ஐந்து மடங்காக்கி 120 படம் வீதம் எடுத்து, வழக்கமான 24-ல் ஓட்டினால், சின்ன மாடல் பெரிய கட்டடத்தின் நிதானத்தோடு விழும்! காமிராவை வேகமாக ஓட்டினால்தான் திரையில் மெதுவாக வரும். எவ்வளவு வேகம் என்பதை ஒவ்வொரு காட்சிக்கும் பார்த்து முடிவு செய்வார்களாம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து மடங்கு வேகத்தில் எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் விழும் நேரம் ஐந்தில் ஒன்றாகிவிடும். ஆகவே ஐந்து மடங்கு விளக்கு வேண்டும். அந்த விளக்குகளின் சூட்டில் ரப்பர் உடைக்குள் ஒரு மனிதன் நிற்க வேண்டும்!

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. இதைச் செய்தவர் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

அவர் பெயர் எய்ஜி சுபுராயா. 1901-ல் புகுஷிமா மாகாணத்தில் சுகாகவா என்ற ஊரில் பிறந்தவர். விமானம் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. விமானப் பள்ளியிலும் சேர்ந்தார். அங்கே சொல்லிக் கொடுத்தவர் 1917-ல் விபத்தில் இறந்துபோக, பள்ளியை மூடிவிட்டார்கள். அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? டோக்கியோவில் ஒரு மின்பொறியியல் பள்ளி. நம்ம ஆளு! படித்துக்கொண்டே ஒரு பொம்மைக் கம்பெனிக்குப் புதுப் பொம்மைகளும் யோசித்துக் கொடுத்திருக்கிறார். 1919-ல் சினிமாவுக்குப் போய்க் காமிரா பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1933-ல் வந்த அமெரிக்கப் படமான 'கிங் காங்' அவரை ஆட்டிவைத்தது. அந்தப் படத்தின் பிரதி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு படச் சட்டமாக வைத்துப் பார்த்து, இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று அலசினார். பழைய மெஷினை நட்டு போல்ட்டாகப் பிரித்துப் போட்டு நாம் கற்றுக்கொள்கிறோமே, அதே வழிதான்.

1942-ல் ஒரு போர்ப் படத்துக்காக, முத்துத் துறைமுகத் தாக்குதலை மாடல்களை வைத்தே எடுத்தார். போர் முடிந்ததும் அதுவே அவருக்கு வினையாக வந்தது. 1948-ல் தோஹோ நிறுவனத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சில வருஷம் சொந்தமாகச் சிறு வேலைகளை எடுத்துச் செய்தார். பின்பு தோஹோவுக்கே திரும்பி, 1954-ல் 'காட்ஸில்லா' எடுத்தார். பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி எடுக்கும் கிங் காங் முறையில்தான் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்படி எடுத்தால் ஏழு வருஷம் ஆகும் என்று கணக்கு வந்தது. கையிலோ சில மாதங்கள்தான்! சரி, ஓர் ஆளுக்கு உடை மாட்டிவிடுவோம் என்று இறங்கினார். மிருகத்தின் உயரம் 50 மீட்டர். உடைக்குள் நிற்கும் ஆள் சுமார் 2 மீட்டர். ஆகவே ஊர் முழுக்க 25-ல் ஒரு பங்கு அளவில் கட்டப்பட்டது. மூங்கில், கம்பி வலை, துணி, ரப்பர் எல்லாம் சேர்த்துச் செய்த முதல் உடை கனத்தால் நடக்கவே விடவில்லை. தூக்கி எறிந்தார்களா? இல்லை. இடுப்போடு ரெண்டாக அறுத்து, கால் மட்டும் தெரியும் காட்சிக்குக் கீழ்ப்பாதி, தலை தெரியும் காட்சிக்கு மேல்பாதி என்று பயன்படுத்திக்கொண்டார்கள். கொஞ்சம் எடை குறைந்த இன்னோர் உடைக்குள் ஹாருவோ நகஜிமா நின்றார். 1972 வரை 12 படங்களில் அவர்தான் காட்ஸில்லா. உலகத்துக்கே தெரிந்த நடிகர். முகம் மட்டும் யாருக்கும் தெரியாது.

இனிமேல்தான் எங்கள் பட்டறைக் கதை.

நான் பத்தாவது படிக்கும்போது, அப்பா கடன் வாங்கி ஒரு பழைய மில்லிங் மெஷின் வாங்கினார். ஒரு கம்பெனி பெரிய ஜாப் ஒர்க் தருவதாக வாயால் சொல்லியிருந்தது. மெஷின் வந்து இறங்கிய இருபதாம் நாள், ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் அது தார்ப்பாய்க்குள் கிடந்தது. மாதாமாதம் வட்டி மட்டும் தவறாமல் வந்தது. அம்மாவின் வளையல் போனது. ஒருநாள் கோபத்தில் நான் கேட்டுவிட்டேன்: "ஆர்டர் கைக்கு வராம யாரைக் கேட்டுட்டு வாங்கினீங்க?" அப்பா பதில் சொல்லவில்லை. கையிலிருந்த கிரீஸைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். அந்தக் கேள்வி ரொம்ப நாள் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

சுபுராயா 1963-ல் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து ஆக்ஸ்பெரி 1200 என்ற ஆப்டிகல் பிரிண்டரை வரவழைக்க ஆர்டர் கொடுத்தார். வேறு வேறு பிலிமில் எடுத்த காட்சிகளை ஒரே பிலிமில் பிசிறில்லாமல் சேர்க்கும் மெஷின் அது. கையிலிருந்து ஒளிக்கதிர் பாய வேண்டுமா, மனிதனும் மிருகமும் ஒரே சட்டத்தில் நிற்க வேண்டுமா, அதற்கு அந்த மெஷின்தான். விலை சுமார் 4 கோடி யென்! ஃபுஜி தொலைக்காட்சிக்கு ஒரு தொடர் எடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தத் தொடர் நின்றுபோனது. மெஷின் ஆர்டரையோ ரத்து செய்ய வழியில்லை.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணுக்கு முன்னால் அந்தத் தார்ப்பாய் வந்து நின்றது.

கடைசியில் டிபிஎஸ் தொலைக்காட்சி அந்த மெஷினை வாங்கிக்கொண்டது. வாங்கிய மெஷினுக்கு வேலை வேண்டுமே! அதற்காக எடுத்த தொடர்தான் 'அல்ட்ரா க்யூ'. 1966 ஜனவரி 2-ல் ஒளிபரப்பானது. ஊரே உட்கார்ந்து பார்த்தது. அதே வருஷம் ஜூலையில் அல்ட்ராமேன் வந்தது, வண்ணத்தில்.

அந்தத் தொடரை எடுத்த விதம் அப்படியே நம் ஒர்க்ஷாப் மாதிரிதான். வாராவாரம் புது மிருகம் வேண்டும். காசும் நேரமும் இல்லை. 1965-ல் ஒரு தோஹோ படத்துக்காகச் செய்த பாரகான் என்ற மிருகத்தின் உடையை எடுத்து, கொம்பை மாற்றி, தோலை மாற்றி, வண்ணம் பூசி, நெரோங்கா, மகுலர், கபோரா என்று மூன்று மிருகமாக்கினார்கள். பத்தாவது பாகத்தில் காட்ஸில்லா உடைக்கே கழுத்தில் ஒரு விசிறியைக் கட்டி ஜிராஸ் என்று பெயர் வைத்தார்கள். ஸ்கிராப்பிலிருந்து ஜிக் செய்தவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும். வீரனின் உருவத்தை வரைந்தவர் தோரு நரிதா. நெஞ்சு விளக்கு வைத்தது அவருக்குப் பிடிக்கவில்லையாம். ஆனால் சண்டைக் காட்சி நீண்டால் செலவு தாங்காது. மூன்று நிமிடக் கணக்கில் காசுக் கணக்கும் ஒளிந்திருந்தது என்பார்கள்.

சராசரியாக 36.8 சதவீதம் பேர் பார்த்த தொடர். இருந்தும் 39 பாகத்தோடு 1967 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். ஏன் தெரியுமா? ஒவ்வொரு காட்சியும் சரியாக வரும்வரை விடமாட்டார்கள். அதனால் வாராவாரம் படம் கொடுக்க முடியவில்லை. வெற்றியே பாரமாகிப் போனது! வேலை சுத்தமாக இருந்தது, கணக்குப் புத்தகம் மட்டும் சிவப்பாகவே இருந்தது. அந்த நெஞ்சு விளக்கைப் போல.

1970 ஜனவரி 25-ல் எய்ஜி சுபுராயா இறந்தார். பொறுப்பேற்ற மூத்த மகன் ஹஜிமே 1973-ல் 41 வயதிலேயே போய்விட்டார். அடுத்து இன்னொரு மகன் நோபோரு. 1974-ல் தாய்லாந்து நிறுவனம் ஒன்றோடு கூட்டாக ஒரு படம் எடுத்தார்கள். அதில் அல்ட்ரா வீரர்களோடு சேர்ந்து சண்டை போடுவது யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம அனுமார்! ஆனால் அந்த நட்பு பின்னாளில் உரிமை வழக்காக மாறி, ஜப்பான், தாய்லாந்து, அமெரிக்கா என்று பல நீதிமன்றம் ஏறியது. கலிஃபோர்னிய நீதிமன்றத்தில் சுபுராயா நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது 2018-ல்தான். அதற்குள் கம்பெனியே கை மாறிவிட்டது. 2007-ல் வேறொரு நிறுவனம் வாங்கியது. 2010-ல் பெரும்பங்கு இன்னொரு நிறுவனத்துக்குப் போனது. குடும்பத்தின் பெயர் பலகையில் இருக்கிறது, குடும்பத்தின் கையில் இல்லை.

போன தீபாவளி லீவில் பட்டறையில் அப்பாவுக்கு இந்தக் கதையை முழுவதும் சொன்னேன். லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்த மெஷின் கடைசில வேலைக்கு வந்துச்சா கண்ணு?"

"வந்துச்சுங்கப்பா."

"கம்பெனி?"

"கை மாறிப் போச்சுங்கப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேலை கத்துக்கிட்ட பசங்க இருந்திருப்பாங்கல்ல?" என்றார்.

இருந்தார்கள். இருக்கிறார்கள். 2022-ல் 'ஷின் அல்ட்ராமேன்' படத்தை இயக்கிய ஷிஞ்சி ஹிகுச்சி, சின்ன வயதில் இந்தத் தொடர்களைப் பார்த்து வளர்ந்து சிறப்புக் காட்சித் தொழிலுக்கு வந்தவர்தான். சுகாகவாவில் 2019-ல் எய்ஜிக்கு ஓர் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள்.

"அன்னிக்கு அப்படிக் கேட்டது தப்புங்கப்பா" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. "நீ கேட்டதும் நியாயந்தான். கடன் கடன்தானே" என்று சொல்லிவிட்டு லேத்தை மறுபடி ஓட்டினார்.

கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. சினிமாவில் வருவது போலப் பெரிய ஆர்டர் எதுவும் வந்து இறங்கவில்லை. ஆனால் தார்ப்பாய் எடுத்தாயிற்று. சின்னச் சின்ன ஜாப் வருகிறது. என்னுடைய மூன்றாமாண்டு புராஜெக்டுக்கான கியரை அந்த மெஷினில்தான் வெட்டினேன். முதல் ரெண்டு பல் கோணலாகப் போயிற்று. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார், கை வைக்கவில்லை. மூன்றாவது சரியாக வந்தது.

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஏதோ ஒரு ரப்பர் உடைக்குள்தான் நிற்கப் போகிறோம். மெஷின் ஓடும், பொருள் வெளியே போகும், நம் முகம் யாருக்கும் தெரியாது. பரவாயில்லை. விழுகிற கட்டடம் சரியாக விழுந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்வோம். ஆனால் ஒன்று, வாய்வார்த்தையை நம்பி மட்டும் மெஷின் வாங்காதீர்கள். ஆர்டரைக் கையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை