நான்கு சரணங்கள்

இரண்டு கயிறுகளை எடுத்து, இடக்கை நுனியை வலக்கை நுனியின்மேல் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வலக்கை நுனியை இடக்கை நுனியின்மேல் போட்டு இழுத்தால் ரீஃப் முடிச்சு விழும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால் முடிச்சு கோணிக்கொண்டு நழுவிவிடும். வேங்கிக்காலில் துவக்கப் பள்ளி ஆசிரியனாக இருந்த காலத்தில், சனிக்கிழமைதோறும் வேப்பமர நிழலில் சாரண இயக்கத்துக் குருளையர்களுக்கு இதைக் கற்பித்து வந்தேன். ஒரு பையன் முதல் நாளே கற்றுக்கொண்டான். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாளின் மகனுக்கோ மூன்று வாரமாகியும் அது கைவரவில்லை. பொறுமையிழந்து, "அவனைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளக் கூடாதா?" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அவன் வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை வந்தான். கால்சட்டைப் பையிலிருந்து ஈரமான வாழைநார் இரண்டை எடுத்து, என் கண்ணெதிரே நிதானமாக முடிந்து, "சார், பிடிச்சு இழுங்க, நழுவாது" என்றான். இழுத்தேன், நழுவவில்லை. பூக்கட்டும்போது நார் தீர்ந்துவிட்டால் அடுத்த நாரை எப்படிச் சேர்ப்பது என்று அவன் தாயார் காட்டிக்கொடுத்தாராம். அந்த நாரை வெகுகாலம் என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

குருளையர் பருவத்தின் தர்மம் இன்னதென்று எனக்குத் தெளிவானது அன்றைக்குத்தான். 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் ஒன்றுபட்ட உருவம் பெற்ற பாரத சாரண சாரணியர் இயக்கத்தில், பத்து வயதுக்குட்பட்ட சிறுவர் குருளையராகவும் சிறுமியர் நீலப்பறவையராகவும் சேர்கிறார்கள். பிரவேஷ் என்னும் நுழைவுநிலை முடிந்தபின் குருளையனுக்குப் பிரதம சரண், த்விதீய சரண், த்ருதீய சரண், சதுர்த்த சரண் என நான்கு நிலைகள். நான்காவதையும் நிறைவு செய்தவனுக்குத் தங்க அம்பு விருது. சிறுமியருக்குக் கோமல், ரஜத், ஸ்வர்ண, ஹீரக் என்று மெல்லிறகு தொடங்கி வைர இறகு வரை நான்கு சிறகுகள். வளர்ந்து சாரணனான பிறகே 'சோபான்' என்னும் படிக்கட்டு வருகிறது. குழந்தைக்குரியது 'சரண்' என்னும் காலடி மட்டுமே. இப்பெயர்களைச் சூட்டியவர்கள் குழந்தையின் இயல்பை நன்கு உணர்ந்தவர்கள் என்றே கருதுகிறேன். எங்கள் ஊரில் பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வரும் லட்சோபலட்சம் பேரில், எவர் முதலில் சுற்றி முடித்தார் என்று யாரும் விசாரிப்பதில்லை. அவரவர் அடி அவரவர்க்குப் புண்ணியம்.

உறுதிமொழியிலும் இதே கனிவைக் காணலாம். சாரணன் தன் மரியாதையைப் பிணையாக வைத்து உறுதி கூறுகிறான். குருளையன் அப்படிக் கூற வேண்டியதில்லை. கடவுளுக்கும் நாட்டுக்கும் உரிய கடமையை இயன்றவரை செய்வேன், குருளையர் விதிக்குக் கீழ்ப்படிவேன், நாள்தோறும் ஒரு நற்செயல் புரிவேன் என்று சொன்னால் போதும். சாரணனுக்கு விதிகள் ஒன்பது. இவனுக்கோ, பெரியோரை மதிப்பதும், தூய்மையும் பணிவும் உடையவனாக இருப்பதுமாகிய இரண்டே. 'இயன்றவரை முயல்' என்பதே அவனுடைய குறிக்கோள்மொழி. ஐந்து வாரம் முயன்று முடிச்சுப் போட்டவன் அந்த மொழியை, ஒரே நாளில் போட்டவனைக் காட்டிலும் முழுமையாக நிறைவேற்றினான் என்பது என் துணிபு.

குருளை என்னும் இந்த ஓநாய்க்குட்டிக் கற்பனை பிறந்த கதையும் நமக்கு அந்நியமன்று. மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காட்டைக் களமாக்கி 1894இல் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் வெளியிட்ட கானகக் கதைகளிலிருந்தே சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் 1916இல் குருளையர் திட்டத்தை வகுத்தார். படைத்தலைவரை 'அகேலா' என்றழைப்பது அந்தக் கதையிலுள்ள மூத்த ஓநாயின் பெயரால். அப்படியிருந்தும், 1909இல் இந்நாட்டில் கால்கொண்ட சாரணர் இயக்கம் தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே இடமளித்தது. நம் பிள்ளைகளுக்கென 1917இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தனிச் சங்கம் கண்டார். 1921இல் பேடன் பவல் இங்கு வந்தபோதுதான் அந்தப் பிரிவினை தளர்ந்தது. பிறப்பால் வந்த பேதத்தை நீக்கி எல்லாப் பிள்ளைக்கும் வாசலைத் திறந்துவிட்ட பின்னர், சின்னங்களைக் காட்டிப் பிள்ளைகளுக்குள் புதியதோர் உயர்வு தாழ்வை நாமே உண்டாக்கலாகாது.

இன்று அது நடந்துவருகிறது என்பதே என் மனக்குறை. தேர்ச்சிகளைக் குறித்துவைக்கும் குறிப்பேட்டைப் பெற்றோரே அழகான கையெழுத்தில் நிரப்பியனுப்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். செடிக்குத் தண்ணீர் விட்டதாகத் தாயார் எழுதியிருப்பார். என்ன செடி என்று கேட்டால் குழந்தை திருதிருவென்று விழிக்கும். அவர்களைக் கடிந்துகொள்ள மனம் வருவதில்லை. வகுப்பில் முதல் ரேங்க் என்பதையே கல்வியென்று அவர்களுக்கும் நாம்தானே பழக்கினோம்? ஆயினும், பிள்ளை தன் கையால் செய்யாத ஒன்றுக்காகச் சீருடையில் ஏறும் சின்னம் வெறும் துணித்துண்டு.

ஆதலால் பெற்றோர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் பிள்ளை இந்த ஆண்டு குருளையர் படையில் சேர்ந்திருந்தால், முடிச்சைப் பூக்கட்டும் அந்த அம்மாளைப் போல் அருகிலிருந்து காட்டிக்கொடுங்கள். குறிப்பேட்டை மட்டும் அவன் கையிலேயே விட்டுவிடுங்கள். கோணலாகத்தான் எழுதுவான்; எழுதட்டும்.