கைப்பேசிப் போர்க்களமும் நம் பிள்ளைகளும்

சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகள் நம் இளைஞரைக் கொடியவர் ஆக்குகின்றன என்னும் பேச்சை இன்று இல்லந்தோறும் கேட்கின்றோம். அது எவ்வளவு உண்மை என்று அமைதியுடன் ஆராய்வது பெற்றோர் கடமையன்றோ?

இவ்வச்சம் புதியதன்று. 1976-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ‘டெத் ரேஸ்’ என்னும் விளையாட்டுக்கு எதிர்ப்பு எழுந்தது. நம் நாட்டில், 2019 மார்ச்சில் இராஜ்கோட் காவல்துறையினர் ‘பப்ஜி’ விளையாட்டைத் தடை செய்து, ஆடிய இளைஞர் சிலரைக் கைதும் செய்தனர். 2020 செப்டம்பர் 2 அன்று நடுவண் அரசு அது உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. ஆயினும் அரசு கூறிய காரணம் வன்முறையன்று. நாட்டின் பாதுகாப்பும் இறையாண்மையுமே. மறு ஆண்டே அவ்விளையாட்டு வேறு பெயருடன் திரும்பிற்று.

ஆய்வாளர் கூறுவதென்ன? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 14, 15 வயதுடைய ஏறத்தாழ ஆயிரம் பிரிட்டானியச் சிறாரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவில், வன்முறை விளையாட்டுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு காணப்படவில்லை. அமெரிக்க உளவியல் கழகமோ, கத்துதல், தள்ளுதல் போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டென்றும், கொடுஞ்செயல்களுக்கு இவையே காரணம் எனச் சொல்லப் போதிய சான்றில்லை என்றும் 2020-இல் அறிவித்தது.

எனில், கவலையே வேண்டாமா? அவ்வாறன்று. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமல், உணவும் உறக்கமும் படிப்பும் கெட்ட பின்னும் ஆடிக்கொண்டேயிருப்பதை உலக நலவாழ்வு நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அது 2022 முதல் நடைமுறையில் உள்ளது.

காரைக்கால் கடற்கரைச் சாலையில் மாலையில் உலவும்போது, சிறுவர் நால்வர் தலை கவிழ்ந்து ஆடிக்கொண்டிருக்கக் கண்டோம். “இதில் என்னப்பா இருக்கிறது?” என வினவினோம். “எங்க கூட்டாளி பிரான்சுக்குப் போயிட்டான், தாத்தா. ராத்திரி இதுலதான் வருவான்” என்றான் ஒருவன். கடல் கடந்த உறவு இல்லாத தெரு நம் ஊரில் அரிது. அங்கே இரவு எட்டு மணியெனில், கோடையில் இங்கே பதினொன்றரை! அச்சிறுவனின் சிவந்த கண்களுக்குக் காரணம் நமக்கு விளங்கிற்று. அவன் தேடியது குருதியை அன்று, தோழனை. இழந்ததோ உறக்கத்தை.

கைப்பேசியைப் பிடுங்கி எறிந்தால் அத்தோழமையும் அறுந்துபோகும்; கண்டும் காணாதிருந்தால் உடலும் படிப்பும் கெடும். ஆகவே, விடுமுறை நாளின் பகற்பொழுதில் அதற்கென நேரம் ஒதுக்குவோம். இரவில் வீட்டிலுள்ள எல்லாருடைய கைப்பேசிகளும், நம்முடையதும் உட்பட, கூடத்திலேயே உறங்கட்டும். ஒருநாள் பிள்ளையின் அருகமர்ந்து, “யாரோடு ஆடுகிறாய்?” என்று அன்புடன் கேட்போம். விளையாட்டைப் பற்றி அஞ்சுமுன், விளையாடும் பிள்ளையை அறிவோம்.