மறுமுனை

நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த பிரிவுபசாரக் கூட்டத்தில் ஆறு பேர் பேசினார்கள். அதில் நான்கு பேர் என்னுடைய ‘செகண்ட் இன்னிங்ஸ்’ சிறப்பாக அமைய வேண்டும் என்று வாழ்த்தினார்கள். சால்வை, சந்தன மாலை, காராசேவு, காப்பி போல இதுவும் இப்போது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. இரண்டாவது இன்னிங்ஸ் என்பது டெஸ்ட் போன்ற பல நாள் ஆட்டங்களில் உண்டு. வாழ்த்தியவர்களில் இரண்டு பேராவது ஒரு டெஸ்ட் பந்தயத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தேய்ந்துபோன உவமை அப்படித்தான் புழங்கும். அதன் மூலத்தை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்த உவமையை விட முடியவில்லை. பிறப்பை டாஸ் என்று சொல்லலாம். நம் கையில் இல்லாதது. பள்ளிப் பருவம், புதுப்பந்து எகிறும் முதல் ஒரு மணி நேரம். உத்தியோகம், கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஒன்றும் இரண்டுமாகச் சேர்க்கிற மதிய ஆட்டம். அறுபதுக்கு மேல் வெளிச்சம் மங்குகிறது. இப்படி யார் வேண்டுமானாலும் பத்து நிமிஷத்தில் ஒரு வாழ்க்கையைக் கட்டி நிறுத்திவிடலாம். அவ்வளவு சுலபமாகப் பொருந்துவதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை குறைந்தது. எத்தனை ஓவர் பாக்கி என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற வசதி நமக்கு இல்லை என்பது எல்லோரும் சொல்லக்கூடிய ஆட்சேபம். எனக்குப் பட்டது வேறு. இந்த உவமையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே ஒரு ஆட்டக்காரனைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். மைதானத்தில் எப்போதும் இரண்டு பேர் மட்டையோடு நிற்கிறார்கள். ஒருவன் பந்தை எதிர்கொள்ளும்போது இன்னொருவன் மறுமுனையில் சும்மா நிற்கிறான். யார் எந்தப் பந்தைச் சந்திப்பது என்பதைச் சில சமயம் அந்த இருவரில் ஒருவன் தீர்மானிக்கிறான்.

என் ஊர் தீர்த்தமலை. அரூரிலிருந்து பஸ். ஊருக்கு மேலே மலை, மலையில் தீர்த்தகிரீஸ்வரர் கோயில், பாறை இடுக்கிலிருந்து விழுகிற ராமர் தீர்த்தம். நாங்கள் ஆடியது அடிவாரத்துப் பொட்டலில். பனைமட்டையைச் செதுக்கிய மட்டை, ரப்பர் பந்து, கல்லடுக்கி ஸ்டம்பு. அண்ணன்மார் ஆடுவார்கள், தம்பிகள் பந்து பொறுக்குவார்கள் என்பது எழுதப்படாத விதி. என் தம்பி எனக்கு ஏழு வயது இளையவன். முள்ளுக்குள் போன பந்தையெல்லாம் அவன்தான் எடுத்து வந்தான். அவனுக்கு மட்டை கிடைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

1986 செப்டம்பரில் எனக்கு முப்பது, அவனுக்கு இருபத்து மூன்று. அம்மா போய் நாலு வருஷமாகியிருந்தது. அப்பாவுக்கு முந்தின வருஷம் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. எனக்கு மெட்ராஸுக்குப் பதவி உயர்வோடு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. தம்பிக்குச் சேலத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேரச் சொல்லி ஆள் வந்து போயிருந்தது. யாராவது ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். இதை நாங்கள் இருவரும் பேசவில்லை. பேசாமல் இருந்த அந்தப் பத்து நாட்களில்தான் மெட்ராஸில் அந்த டெஸ்ட் நடந்தது.

செப்டம்பர் 18 முதல் 22 வரை, சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியாவுடன். அவர்கள் முதலில் ஆடி 7 விக்கெட்டுக்கு 574 எடுத்து முடித்துக்கொண்டார்கள். டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் மைதானத்திலேயே வாந்தி எடுத்தபடி 210 ஓட்டங்கள் எடுத்தார். பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸலைன் ஏற்றினார்கள். இந்தியா 397, அதில் கபில்தேவ் 119. ஆஸ்திரேலியா மறுபடி 5 விக்கெட்டுக்கு 170 எடுத்து நிறுத்திக்கொள்ள, கடைசி நாளில் இந்தியாவுக்கு 348 தேவை. கவாஸ்கர் 90 எடுத்தார். ஒரு கட்டத்தில் ஜெயித்துவிட்டதாகவே தோன்றியது. பிறகு விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. கடைசி ஓவரை கிரெக் மாத்யூஸ் வீச வந்தபோது வேண்டியது நாலு ரன், இருந்தது ஒரு விக்கெட். பந்தைச் சந்திக்க ரவி சாஸ்திரி, மறுமுனையில் மனீந்தர் சிங்.

திண்ணையில் டிரான்ஸிஸ்டரை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் சாஸ்திரி ஒரு ரன் ஓடினார். ஸ்கோர் சமம். இனி தோற்க முடியாது. ஆனால் மூன்று பந்துகள் மனீந்தருக்கு. நாலாவதைத் தடுத்தார். ஐந்தாவது காலில் பட்டது, அம்பயர் விக்ரம்ராஜு கையைத் தூக்கிவிட்டார். மட்டையில் பட்டதென்று மனீந்தர் பல வருஷங்கள் கழித்தும் சொல்லிவந்தார். விக்ரம்ராஜு அதன்பின் எந்த டெஸ்டிலும் அம்பயராக நிற்கவில்லை. சாஸ்திரி 48 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். 1960இல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு சமமாக முடிந்த டெஸ்ட் அதுதான். 2500க்கு மேல் டெஸ்டுகள் ஆடியாகிவிட்ட இன்றும் அந்த இரண்டுதான்.

அன்று சாயங்காலம் தம்பி என்னிடம் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. “அந்த ஒரு ரன்ன ஓடாம அவரே நின்னு ஆடியிருக்கலாம் இல்லண்ணா?” நான் சாஸ்திரிக்காக வாதாடினேன். தோல்வி இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம், மிச்சத்தை மற்றவன் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். என் சட்டைப் பையில் மாற்றல் உத்தரவு இருந்தது. ஒன்பது நாள் கழித்து அக்டோபர் ஒன்றாந்தேதி மெட்ராஸில் வேலையில் சேர்ந்தேன். சேலத்துப் பட்டறைக்குத் தம்பி போகவில்லை.

அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். நான் மாதாமாதம் மணியார்டர் அனுப்பினேன், பொங்கலுக்கும் மாசி மகத் தேருக்கும் வந்தேன். தம்பி அவரைத் தூக்கி உட்கார வைத்தான், குளிப்பாட்டினான், மலம் அள்ளினான். வாடகை சைக்கிள் கடை வைத்தான், குச்சிக்கிழங்கு போட்டான், முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டான். நான் ஓடிய அந்த ஒரு ரன் எனக்குக் குடும்பத்தையும் வீட்டையும் பென்ஷனையும் கொடுத்தது. பத்திரிகைகளில் நாலைந்து கவிதைகளும் வந்தன. அவற்றில் ஒன்றுகூட அவனைப் பற்றியதல்ல.

எங்கள் மலைக்கு ஒரு கதை உண்டு. ராமர் இங்கே சிவ பூஜை செய்யக் காசியிலிருந்து கங்கை கொண்டுவர அனுமாரை அனுப்பினார். அனுமார் வரத் தாமதமாயிற்று. ராமர் அம்பை விட்டார், பாறையிலிருந்து தண்ணீர் வந்தது, பூஜை முடிந்தது. அப்புறம் வந்து சேர்ந்த அனுமார் கோபத்தில் கொண்டுவந்த பாத்திரத்தை வீசியெறிந்தார். அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமந்த தீர்த்தம். அங்கே முதலில் குளித்துவிட்டுத்தான் மலைக்கு வந்து ராமர் தீர்த்தத்தில் குளிக்க வேண்டும் என்பது வழக்கம். சிறு வயதில் இது எனக்கு ஒரு குளியல் வரிசையாக மட்டும் தெரிந்தது. சுமந்து வந்தவனுக்குப் பூஜையில் இடமில்லாமல் போனதை ஊர் மறக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஊரில் போய்ச் சில நாள் இருந்தேன். இரண்டாவது இன்னிங்ஸ் பேச்சையும், அந்த டெஸ்டையும், அந்த ஒரு ரன்னையும் வைத்து இந்தக் கட்டுரையை மனதில் ஏறக்குறைய முடித்திருந்தேன். நான் சாஸ்திரி, அவன் மனீந்தர். பாதுகாப்பான ஒரு ஓட்டத்தை எடுத்துக்கொண்டு கடினமான பந்துகளை அவனுக்கு விட்டவன் நான். குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. ஒரு ராத்திரி திண்ணையில் படுத்திருந்தபோது அவனிடமே கேட்டேன்.

“அன்னைக்கு நீ சொன்னியே, அவரே நின்னு ஆடியிருக்கலாம்னு. ஞாபகமிருக்கா?”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“நான் எங்கண்ணா கடைசி ஓவரக் கேட்டேன்? அப்பா வெளிக்குப் போயிட்டாரு. உள்ள அவரக் கழுவிட்டிருந்தேன். நீதான் வாசப்படியில வந்து நின்னு முடிஞ்சிடுச்சுன்னு சொன்ன. ஜெயிச்சமா தோத்தமான்னு கேட்டேன். ரெண்டும் இல்லைன்னு சொன்ன.”

“அந்த ஒரு ரன்னப் பத்தி...”

“எனக்கென்ன தெரியும், ரன்னப் பத்தி.”

அப்படியானால் அந்த வாக்கியத்தைச் சொன்னது யார்? நாற்பது வருஷமாக அவன் குரலிலேயே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. அவனுக்குச் சொல்ல நேரமில்லை. நானே அவனுக்கு ஒரு மட்டையைக் கொடுத்து, மறுமுனையில் நிறுத்தி, அவன் சார்பில் என்னைக் கேள்வியும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அவன் மைதானத்திலேயே இல்லை. ஆட்டம் நடந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தான்.

வெந்நீர் வைக்க வேண்டும் என்று எழுந்து போனான். எனக்குக் காலையில் பல் வலி என்று சொல்லியிருந்தேன், அதற்காக.